எப்சிபா வீட்டைக் காலி செய்தல்

ஜூன் 3, செவ்வாய்

காலை ஏழு மணிக்குத் திருநெல்வேலி. அங்கிருந்து ஆட்டோவில் பாளையங்கோட்டை. என் தங்கை எப்சிபா இறந்து இன்றோடு ஆறு வாரம் ஆகிறது. அடக்கத்துக்கு வந்தபோது மறுநாளே திரும்ப வேண்டியிருந்ததால் வீட்டைச் சரியாகப் பார்க்க முடியவில்லை. அப்பா கட்டிய வீடு. எங்கள் இருவர் பேரிலும் எழுதிவைத்தார். நான் சென்னையில் குடியேறிவிட்டதால் அவள்தான் இதில் இருந்தாள். இப்போது ஒரு பல் டாக்டர் வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறார். சாமான்களை ஒழித்து வீட்டைக் காலியாக ஒப்படைக்க வேண்டும். வந்த வேலை அவ்வளவுதான்.

நெடுஞ்சாலைத் துறையில் கண்காணிப்பாளராக இருந்தபோது ஒரு முழு அலுவலகத்தையே இரண்டு நாளில் இடம் மாற்றியிருக்கிறேன். ஒரு வீட்டுக்கு நான்கு நாள் தாராளம். ஏழாம் தேதி திரும்ப டிக்கெட் போட்டாயிற்று.

வீட்டில் ஒருவர் இருக்கிறார். பெயர் யேசுவடியான். அறுபத்தைந்து வயது இருக்கும். எப்சிபா விளையாட்டு ஆசிரியையாக இருந்த அதே பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டென்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கதவைத் திறந்து, "வாங்க அத்தான், ரயில்ல தூக்கம் கெடச்சுதா?" என்றார்.

"கெடச்சுது சார்" என்றேன்.

காலை: இட்லி, தக்காளிச் சட்னி. சட்னி நன்றாகவே இருந்தது.

ஜூன் 4, புதன்

முன் அறையில் தொடங்கினேன். எல்லாவற்றையும் மூன்றாகப் பிரிப்பது என் முறை: வைப்பது, கொடுப்பது, எறிவது. சீட்டு எழுதி ஒட்டிவிட்டால் பிறகு குழப்பம் வராது. முன் அறையில் மட்டும் கோப்பைகள் நாற்பத்தொன்று. த்ரோபால், கபடி, மாவட்ட அளவில் ஓட்டம். பெரும்பாலும் பிளாஸ்டிக். எறிவது.

யேசுவடியான் உதவிக்கு வந்தார். காதில் மிஷின் மாட்டியிருக்கிறார். நான் முறையை விளக்கத் தொடங்கியதும் அதைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். "தூசி அத்தான்" என்றார். விளக்கி முடித்ததும் மாட்டிக்கொண்டார். மதியம் பரணைப் பற்றிச் சொன்னபோதும் தூசி.

சோபாவில் 'கொடுப்பது' என்று ஒட்டினேன். "அது நாங்க ரெண்டு பேரும் தூத்துக்குடில போயி எடுத்தது" என்றார். கிரைண்டரில் ஒட்டினேன். "அது என்னது. பழைய வீட்டுலேருந்து கொண்டாந்தேன்" என்றார். சீட்டுகளை எடுத்துவிட்டேன். இந்த வேகத்தில் போனால் சிரமம்.

மாலை ஸ்டெல்லா போன் செய்தாள். "அவர்கிட்ட பேசிட்டீங்களா?"

"எவர்கிட்ட?"

"எப்சி வீட்டுக்காரர்கிட்டதான்."

இன்னும் இல்லை என்றேன். என் மனைவிக்கு இந்தச் சொல்லெல்லாம் எளிதாக வாயில் வந்துவிடுகிறது.

ஜூன் 5, வியாழன்

பதிவுக்காக எழுதி வைக்கிறேன். எப்சிபாவும் யேசுவடியானும் நான்கு வருஷத்துக்கு முன்பு, மே மாதம், இங்குள்ள சர்ச்சில் திருமணம் செய்துகொண்டார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை சபையில் ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசித்து முறைப்படி நடந்தது. அந்த முறையில்தான், மனைவியின் அண்ணன் என்று, அவர் என்னை அத்தான் என்கிறார். சட்டப்படி செல்லும். அதை நான் மறுக்கவில்லை. அப்போது அவளுக்கு ஐம்பத்தொன்பது வயது. அந்த வயதில் இது தேவையா என்று மட்டும்தான் என் கேள்வி. அதையும் யாரிடமும் கேட்கவில்லை.

இந்த யேசுவடியான் முன்பே ஒரு தடவை, தொண்ணூற்றொன்றில், ஆள் மூலம் பெண் கேட்டிருந்தார். அப்போது எப்சிபாவுக்கு இருபத்தொன்பது. குடும்பம் வேண்டாமென்று முடிவு செய்தது. அப்பாவுக்குப் பக்கவாதம், அம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது, எனக்கு அப்போதுதான் சென்னைக்கு மாற்றல். பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவர் வேண்டும். தவிரவும் லேப் அசிஸ்டென்ட். அப்பா என்னிடம், "நீ என்ன சொல்லுத?" என்று கேட்டார். நான் சொன்னேன். அதுதான் குடும்பம் செய்த முடிவு.

எப்சிபா எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. ஆகவே அவளுக்கும் சம்மதம்தான் என்று நினைத்தோம். யேசுவடியான் வேறு இடத்தில் பெண் கட்டினார். பிள்ளை இல்லை, அந்த அம்மாள் சில வருஷத்துக்கு முன்பு இறந்துவிட்டார். எங்கள் அப்பாவும் அம்மாவும் நீண்ட ஆயுளோடு இருந்தார்கள். அம்மா போனபோது எப்சிபாவுக்கு ஐம்பத்தாறு.

மதியம் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. எங்கள் அம்மா வைப்பது போலவே இருந்தது. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்கவில்லை.

ஜூன் 6, வெள்ளி

எப்சிபாவின் பீரோ. மேல் தட்டில் சர்வீஸ் புத்தகம், பத்திரங்கள், அப்பாவின் இறப்புச் சான்றிதழ். எல்லாம் ஒழுங்கு. கீழ்த் தட்டில் ஒரு பதிவுத் தபால் உறை. என் அம்பத்தூர் விலாசம், எப்சிபா கையெழுத்து, நான்கு வருஷத்துக்கு முந்தைய ஏப்ரல் மாத முத்திரை. மேலே தபால்காரர் எழுதியிருக்கிறார்: 'வாங்க மறுத்தார்.'

சில தபால்காரர்கள் மாடி ஏறச் சோம்பல்பட்டு இப்படி எழுதிவிடுவதுண்டு.

நாங்கள் இருப்பது தரைத்தளம்.

பிரிக்கவில்லை. உள்ளே என்ன இருக்கும் என்று தெரியும். எறியும் குவியலில் போட்டேன். பிறகு எடுத்து என் பெட்டியில் வைத்தேன். பதிவுத் தபாலை அப்படியெல்லாம் எறியக் கூடாது.

பக்கத்து வீட்டு ரூபி அம்மாள் வந்தார். எப்சிபாவோடு வேலை பார்த்தவர். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார். "ஏழு வாரம் ஆஸ்பத்திரில கெடந்தா. மூச்சுத் திணறி, காலெல்லாம் வீங்கி. வீட்டுக்காரவியதான் ராப்பகலாப் பாத்தாவ. ஒங்களுக்குக் கண் ஆப்பரேஷன்னு சொன்னாவளே. இப்பம் தேவலையா?"

தேவலை என்றேன்.

கண் ஆப்பரேஷன் ஜனவரியில் நடந்தது. எப்சிபாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தது மார்ச் முதல் வாரம். ரூபி அம்மாளுக்குத் தேதி விவரமெல்லாம் தேவையில்லை.

இன்னொரு விஷயம். என் தோள்பையில் ஒரு பத்திரம் இருக்கிறது. விடுதலைப் பத்திரம். எப்சிபாவின் பாதியில் தமக்குள்ள உரிமையை யேசுவடியான் எனக்கு விட்டுக்கொடுப்பதாக, சென்னையில் என் மகன் ஜோயல் ஏற்பாடு செய்து எழுதி வாங்கியது. அதில் மட்டும் 'கணவர்' என்று போட வேண்டியிருந்தது. சட்டம் அப்படி. கையெழுத்துப் போட வேண்டிய நான்கு இடங்களில் பென்சிலால் குறி வைத்திருக்கிறேன். வீட்டைக் காலி செய்வதோடு இதையும் முடித்துக்கொண்டு போகலாம் என்று எண்ணம். நேரம் பார்த்துப் பேச வேண்டும். இன்று அவருக்கு முதுகு வலி.

ஜூன் 7, சனி

டிக்கெட்டை ரத்து செய்தேன். சமையலறை முடியவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

இருவரும் சர்ச்சுக்குப் போனோம். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஒவ்வொருவராக வந்து யேசுவடியான் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் பக்கத்தில் நின்றேன். சிலர் என் கையையும் பிடித்தார்கள். சபைப் போதகர் ஐயர், "டீச்சரோட அண்ணனா? நீங்க வந்ததுல சந்தோஷம். வீட்டைப் பாத்துக்கிட வந்தீங்களோ?" என்று கேட்டார். ஆமாம், வீட்டைத்தான் பார்க்க வந்தேன் என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்.

இன்று பேசலாம் என்றிருந்தேன். மதியம் அவர் கறி வாங்கி வந்து பிரியாணி செய்துவிட்டார். சாப்பிட்ட கையோடு பத்திரத்தை நீட்டுவது முறையல்ல.

ஜூன் 9, திங்கள்

சேலைகள். சர்ச் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குக் கொடுப்பதாக ரூபி அம்மாள் மூட்டை கட்ட வந்திருந்தார். யேசுவடியான் அறைக்குள் வராமல் வாசலில் நின்றார். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்துக்குக் கட்டியது, சர்ச்சுக்குக் கட்டியது என்று அவரே வாசலில் இருந்து சொல்லிக்கொண்டு வந்தார். நீலத்தில் மஞ்சள் கரை போட்ட ஒன்றை எடுத்தபோது, "அத்தான், அத மட்டும் உள்ளூருல யாருக்கும் குடுத்துராதிய" என்றார்.

"ஏன் சார்?"

"ரோட்டுல பாத்தேம்னா பின்னாலயே போயிருவேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். வேடிக்கையாகத்தான் சொன்னார். ரூபி அம்மாள் மட்டும் கொஞ்ச நேரம் மூட்டை கட்டாமல் இருந்தார்.

அந்தச் சேலையில் 'வைப்பது' என்று ஒட்டினேன். யார் வைப்பது என்று எழுதவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

காலையில் ஏணி போட்டுப் பரண் மேல் இருந்தேன். ஒரு பெட்டியின் மேலே எழுதியிருந்தது படிக்கத் தெரியவில்லை. "சார், என் தோள்பையில கண்ணாடி இருக்கு, எடுத்துத் தாங்க" என்று குரல் கொடுத்தேன். எடுத்து வந்து தந்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரமாயிற்று.

பதினோரு மணிக்கு முடி வெட்டிக்கொள்ளப் போனேன். கூட்டம். திரும்பும்போது ஒன்றரை. வீடு பூட்டியிருந்தது. சாவி ரூபி அம்மாளிடம். சாப்பாட்டு மேஜையில் பத்திரம் இருந்தது. அதன் மேல், காற்றுக்குப் பறக்காமல் இருக்க, ஊறுகாய் ஜாடி. நான்கு குறியிலும் கையெழுத்து. கூட ஒரு தாள். அப்படியே நகல் எடுக்கிறேன்:

'அத்தான், குறி போட்ட இடத்தில் எல்லாம் போட்டிருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் குறி இல்லை. ஆனாலும் கேட்பார்கள் என்று அங்கேயும் போட்டேன். ரெஜிஸ்டர் ஆபீசுக்கு எந்த நாள் சொன்னாலும் வருவேன். ஏரலில் எங்கள் அண்ணன் வீட்டில் இருப்பேன். தோசை மாவு பிரிட்ஜில் இருக்கிறது. நாளைக்குள் ஊற்றிவிடுங்கள், புளித்துவிடும்.'

ஒரு பையும் குடையும் மட்டும் கொண்டுபோயிருக்கிறார். சோபாவிலும் கிரைண்டரிலும் 'கொடுப்பது' சீட்டு திரும்பவும் ஒட்டப்பட்டிருந்தது. நான் பிய்த்துப் போட்ட அதே சீட்டுகள், பசை தடவி.

ஜோயலுக்குப் போன் செய்தேன். "சூப்பர்ப்பா. இவ்ளோ ஈசியா முடியும்னு நான் நினைக்கல" என்றான்.

வந்த வேலை முடிந்தது.

ஜூன் 11, புதன்

தோசை ஊற்றினேன். மூன்று பிய்ந்துவிட்டது. நாலாவது கருகிவிட்டது.

இடைஞ்சல் இல்லாததால் வேலை வேகமாக நடக்கும் என்று எதிர்பார்த்தேன். காலையில் பின் அறையில் போய் உட்கார்ந்தேன். மதியம் வரை உட்கார்ந்திருந்தேன். கோப்பைகளைத் துடைத்துத் திரும்பவும் அடுக்கி வைத்தேன். ஒன்றில் 'ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்கான மெதுநடை, முதல் பரிசு' என்று இருக்கிறது. சென்ற வருஷத்துக்கு முந்தைய வருஷம். அப்போதே அவளுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது என்று ரூபி அம்மாள் சொன்னார். எனக்குத் தெரியாது. அவள் போனில் சொல்லியிருக்கலாம். போன் அவள் செய்வாள். நான் வேலையாக இருப்பேன்.

ஜூன் 12, வியாழன்

பதிவு செய்யும் தேதியைச் சொல்வதற்காக ஏரலுக்குப் போனேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். அவருக்குக் காது கேட்காது என்பதால் நேரில் சொல்வது நல்லது.

அண்ணன் வீடு ஆற்றுப்பக்கத் தெருவில். யேசுவடியானின் மதினி, அண்ணன் மனைவி, கதவைத் திறந்து, "யாரு வேணும்? நீங்க யாரு?" என்று கேட்டார். முதல் கேள்விக்குப் பதில் சொன்னேன். இரண்டாவதற்குப் 'பாளையங்கோட்டையிலிருந்து வருகிறேன்' என்றேன்.

யேசுவடியான் பின்வாசலில் உட்கார்ந்து சமையலுக்குச் சின்ன உள்ளி உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்தார். நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

"போன் பண்ணிருக்கலாமே அத்தான், இந்த வெயில்ல."

"போன்ல ஒங்களுக்குச் சரியாக் கேக்காதே."

"நல்லாக் கேக்கும்."

பதினெட்டாம் தேதி புதன்கிழமை என்றேன். சரி என்றார். பேச்சு அதோடு முடிந்தது. மதினி மோர் கொண்டுவந்தார். குடித்தேன். தம்ளர் காலியான பிறகும் கையில் வைத்திருந்தேன்.

"நீங்க அவசரப்பட்டுப் போயிட்டிய சார். நான் பேசிட்டுச் செய்யலாம்னுதான் இருந்தேன்."

"என்னத்தப் பேச. நீங்க வந்த அன்னைக்கே தெரியும். பையத் தலமாட்டுல வச்சிக்கிட்டுல்லா படுத்திய." உள்ளியைக் கீழே வைக்காமலே சொன்னார். "இன்னைக்குக் கேப்பிய, நாளைக்குக் கேப்பியன்னு பாத்தேன். ஏழு நாளாச்சு. கேக்க ஒங்களுக்கும் கஷ்டமா இருக்குன்னு தெரிஞ்சிது. அதான் நானே போட்டுட்டேன்."

"வீட்டுல நீங்க இருக்கலாம். நான் வேணும்னா டாக்டர்கிட்ட சொல்லி…"

"வேண்டாம் அத்தான். அந்த வீட்டுல எனக்கு என்ன இருக்கு. அவ இருந்தா, நான் இருந்தேன்."

பிறகு, "ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார்.

"கேளுங்க சார்."

"ஆஸ்பத்திரிக்கு ஏன் வரல?"

"கண் ஆப்பரேஷன்" என்று தொடங்கினேன். அவர் மிஷினைக் கழற்றவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரே பேசினார். கோபமாக இல்லை. "சாயங்காலம் நாலு மணிக்குத்தான் ஆள் பாக்க விடுவான். மூணரைக்கே தலைய சீவி விடுங்கன்னு ஆரம்பிச்சிருவா. முகத்தத் தொடைக்கணும். பவுடர் போடணும். இந்த நெலமையில எதுக்குட்டின்னு கேட்டா, அண்ணன் வந்தாலும் வரும்பா. வந்து நான் கெடக்க கெடயப் பாத்தா, இந்த ஆளு என் தங்கச்சிய ஒழுங்காப் பாக்கலன்னு சொல்லிரும். அந்தப் பேரு ஒங்களுக்கு வரக் கூடாதும்பா."

நான்கைந்து உள்ளி உரித்தார்.

"கடசி நாளும் சீவி விட்டேன். மொதல்ல எனக்கு வகிடு நேரா எடுக்க வரல. ஏழு வாரத்துல பழகிட்டு."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். 'வாங்க' என்றாவது சொல்லியிருக்கலாம். உறவு சொல்லிக் கூப்பிட நினைத்தேன். வாய் வரை வந்தது. "அப்ப நான் வாரேன் சார்" என்றுதான் சொன்னேன். வாசல் வரை வந்து குடையைக் கொடுத்தார். வெயில்.

மூன்று மணி பஸ் என் கண் முன்னாலேயே போயிற்று. ஏறவில்லை. அடுத்தது நான்கே காலுக்கு. நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன்.

வேறு குறிப்பில்லை.

ஜூன் 13, வெள்ளி

வேலை ஒன்றும் நடக்கவில்லை.

ஜூன் 14, சனி

பத்திரத்தில் ஒரு எழுத்துப் பிழை இருப்பதைக் கவனித்தேன். இங்குள்ள பத்திர எழுத்தரிடம் கொண்டுபோனேன். விடுதலைப் பத்திரம் வேண்டாம், டாக்டருக்கு எழுதும் விற்பனைப் பத்திரத்திலேயே என்னையும் யேசுவடியானையும் இரண்டு பேரையும் விற்பவர்களாகப் போட்டு, டாக்டர் அவரவர் பங்கை அவரவரிடம் கொடுக்கும்படி எழுதுங்கள் என்றேன். எழுத்தர் பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல எழுத்துப் பிழை எங்க இருக்கு சார்?" என்றார். முழுவதும்தான் என்றேன்.

ஜோயல் போன் செய்தான். "என்னப்பா இது? அவரே விட்டுக் குடுத்துட்டாருல்ல?"

"பிழை இருந்தது."

"என்ன பிழை?"

லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். ஸ்டெல்லா திரும்பக் கூப்பிட்டாள். என்ன நடந்தது என்று அவள் கேட்கவில்லை. "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூன் 16, திங்கள்

பழைய சாமான் எடுப்பவர் வண்டியோடு வந்தார். பேப்பர், இரும்புக் கட்டில், பழுதான பேன், பரணில் இருந்த எல்லாம் ஏற்றியாயிற்று. கோப்பைகளை அவர் எடுக்கவில்லை. பிளாஸ்டிக்குக்கு இப்போது விலை இல்லையாம். பள்ளிக்கூடத்தில் கேட்டுப் பார்த்தேன். இடம் இல்லை என்றார்கள். கடைசியில் ரூபி அம்மாள் வீட்டு மொட்டைமாடி அறையில் ஏற்றினோம். நாற்பத்தொன்றும்.

சோபா, கிரைண்டர், நீலச் சேலை மூன்றையும் ஒரு சின்ன வேனில் ஏரலுக்கு அனுப்பினேன். மாலையில் ரூபி அம்மாளுக்கு யேசுவடியானிடமிருந்து போன் வந்ததாம். கிரைண்டர் உடையாமல் வந்து சேர்ந்தது என்று அத்தானிடம் சொல்லிவிடுங்கள் என்றாராம். சேலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம்.

ஜூன் 18, புதன்

ரெஜிஸ்டர் ஆபீஸ். யேசுவடியான் எனக்கு முன்பே வந்து வேப்ப மரத்தடியில் நின்றிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பத்திரத்தைக் கொடுத்தேன். கண்ணாடி மாட்டி முதல் பக்கத்திலிருந்து படித்தார். இரண்டாம் பக்கத்தில் நிறுத்தினார்.

"இதுல நானும் விக்கதா இருக்கே அத்தான்."

"எழுத்துப் பிழை இருந்தது. திருத்தச் சொன்னேன்."

"எழுத்துப் பிழையா?" என்னைப் பார்த்தார். பிறகு திரும்பவும் பத்திரத்தைப் பார்த்தார். "முப்பது வருஷத்துப் பிழைலா" என்றார்.

வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொல்லவில்லை. எங்கள் பெயர்களைக் கூப்பிட்டார்கள். அடுத்தடுத்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம், விரல் ரேகை வைத்தோம். பன்னிரண்டு மணி பஸ்ஸில் ஏறிப் போனார். சாப்பிட்டுப் போகலாம் என்று கூப்பிட்டேன். மதினி மீன் வாங்கி வைத்திருக்கிறார், இன்னொரு நாள் என்றார். என்றைக்கு என்று நானும் கேட்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

வீட்டை ஒப்படைத்தேன். டாக்டருக்கு நோயாளிகள் இருந்ததால் அவர் மனைவி வந்தார். அவரும் பல் டாக்டர்தான், கோயம்புத்தூர்க்காரர். அறை அறையாகச் சுற்றிக் காட்டினேன். காலி அறைகளில் எங்கள் இருவர் பேச்சும் எதிரொலித்தது. எந்தச் சுவரை இடிக்கலாம், எதை இடித்தால் கூரை இறங்கும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

சமையலறையில் வந்து நின்றார். மேடையைக் கையால் தடவிப் பார்த்தார்.

"நல்லா வெச்சிருந்திருக்காங்க. இங்க யாருங்க சார் இருந்தாங்க?"

"என் தங்கச்சியும் மாப்பிள்ளையும்" என்றேன்.

"இப்ப எங்கிருக்காங்க?"

"தங்கச்சி ஏப்ரல்ல தவறிட்டா. மாப்பிள்ளை ஏரல்ல இருக்காவ."

அந்த அம்மாவுக்கு ஏரல் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. தலையாட்டிவிட்டு, தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கமாகப் போகிறது என்று சுவரைத் தட்டிப் பார்க்கத் தொடங்கினார்.